ஆவடிக்குள் ஒரு துபாய்

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு கடைசிவரை வரவில்லை. முப்பத்திரண்டு வயதில், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் முன்னால் நின்றுகொண்டு, அதைத் தலைகீழாக ஒப்பித்தேன். காரணம் துபாய். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு திர்ஹாம் என்றால் ஏறக்குறைய ஏழு ரூபாய். ஏஜெண்ட் வைத்த டிரேட் டெஸ்டில் நான் தேறிவிட்டிருந்தேன். மாதம் ஆயிரத்து நூறு திர்ஹாம் சம்பளம், தங்குவதும் தின்பதும் நம் கைக்காசு, இரண்டு வருட ஒப்பந்தம். ஏழால் பெருக்கினால் ஏழாயிரத்து எழுநூறு. அம்பத்தூரில் ஓவர்டைம் எல்லாம் சேர்த்து என் கைக்கு வந்தது ஆயிரத்து எழுநூற்றைம்பது.

எங்கள் ஷெட்டில் எல்லாரும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பெருக்கலுக்கு ஒரு தனி முறை உண்டு. சம்பளத்தை மட்டும் ஏழால் பெருக்குவோம். செலவை ஆவடி விலைக்குப் போடுவோம். டீ ஒரு ரூபாய், சாப்பாடு எட்டு ரூபாய், முடிவெட்ட ஐந்து ரூபாய்.

"சோத்துக்கு ஐநூறு, டீ காப்பிக்கு நூறு, மீதி ஏழாயிரம் முழுசா மிச்சம் மாமே! நெமிலிச்சேரில மனை இன்னா, தெருவையே வாங்கலாம்" என்றான் பக்கத்து லேத்காரன். பாலைவனத்தில் ஆவடி விலைக்குச் சோறு போடப்போகும் புண்ணியவான் யார் என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

என் மனைவி கேட்டாள்.

"துபாய்ல சோறு இன்னா வெல?"

"ஒரு எட்டு ரூபா இருக்கும்மே."

"அத யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாயையும் பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டிடம் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் சங்கிலியை அடகு வைத்தால் அந்தப் பணம் வரும். போய் வந்தால் நெமிலிச்சேரியில் அரை கிரவுண்ட் மனை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம், நான்கு மூலையிலும் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். அதற்கு விலையாக, ஆறு வயது மகளை இரண்டு வருடம் பார்க்காமல் இருக்க வேண்டும். மனையைப் பற்றி ஊரெல்லாம் பேசினேன். மற்றதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, என்னிடம்கூட.

சரி, விலை விசாரிக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு பாய் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். ஊர் திரும்பிய துபாய்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பளத்தைக் கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். செலவைக் கேட்டால் அத்தர் பூசிவிடுவார்கள்.

"ரூம் வாடகை எவ்ளோ ஆவும் பாய்?" என்று கேட்டேன்.

"அல்லா புண்ணியத்துல நல்லா கீறேன் அண்ணாத்தே" என்று என் மணிக்கட்டில் அத்தர் தடவினார்.

"சோறு?"

இன்னொரு மணிக்கட்டிலும் தடவினார். ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை, ஆனால் மணமாக இருந்தேன்.

அந்த ஒரு மணி நேரமும் என் மனைவி உள்ளே பாயின் மனைவியோடு இருந்தாள். ஆம்பிளைகள் வெளியே சொல்லாத விலையெல்லாம் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கடிதம் வைத்திருந்தாராம். எட்டுப் பேர் ரூமில் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு, மெஸ்ஸுக்கு எவ்வளவு, சட்டை துவைக்க எவ்வளவு, மூன்று நிமிட போனுக்கு எவ்வளவு என்று பாய் பைசா விடாமல் எழுதியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவியின் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவளும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னாள்.

"ஏஜெண்ட்டு ஒரு மாசம் டைம் குடுத்துக்கீறான்ல? அதுக்குள்ள இங்கியே துபாய் போய்ட்டு வந்துருங்க. மிச்சமாச்சுன்னா நெஜமாவே போங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் முன்னறை துபாயாகியிருந்தது.

ஆவடியில் நாங்கள் குடியிருந்தது இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கொண்ட வாடகை வீடு. முன்னறை பத்துக்கு எட்டு. அதில் எட்டுப் பேர் தங்குவதாக ஏற்பாடு. என்னைத் தவிர்த்த ஏழு பேர் யாரென்றால், சைக்கிள், தண்ணி டிரம், அரிசி மூட்டை, டிரங்குப் பெட்டி, இரண்டு நாற்காலி, உடைந்த டேபிள் ஃபேன். "டிரம்மு மலையாளி மாமா, அரிசி மூட்டை பாகிஸ்தான் மாமா, ஃபேன் மாமாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று மகள் அறிமுகம் செய்துவைத்தாள். சைக்கிளுக்கும் மலையாளிக்கும் நடுவில் எனக்குக் கோரைப்பாய் விரிக்கப்பட்டிருந்தது. அதற்கு வாடகை மாதம் நூற்றைம்பது திர்ஹாம்.

சம்பளத்தை முதல் நாளே கொடுத்துவிட்டாள். தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் நூறு, ஐம்பது, பத்து, ஒன்று என்று எழுதிய நோட்டுகள். ஒவ்வொன்றிலும் மகள் ஒட்டகம் போட்டிருந்தாள். சில ஒட்டகங்களுக்கு ஆறு கால்.

சட்டதிட்டங்கள் கடுமையாக இருந்தன. வெளியே ஆகும் டீ, முடிவெட்டுச் செலவையும் துபாய் விலைக்கு ஒரு கணக்கு நோட்டில் எழுத வேண்டும். மெஸ் சாப்பாடு ராத்திரி எட்டு மணிக்கு, சமையல்கட்டு ஜன்னல் வழியாக. இரண்டாவது கரண்டி குழம்பு ஒரு திர்ஹாம். "ஏழு ரூபாய்க்கா ஒரு கரண்டி?" என்று முதல் நாள் சண்டை போட்டேன். "வேணான்னா பாகிஸ்தான்காரராண்ட கேட்டுப் பாருங்க" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள். பாகிஸ்தான்காரரிடம் இருந்தது பச்சரிசிதான். நான் உள்ளே போகக் கூடாது, அவர்கள் பின்வாசல் வழியாகப் புழங்குவார்கள், நேரில் பேசக் கூடாது. பேச வேண்டுமானால் வாரம் ஒரு போன், மூன்று நிமிடம், இருபது திர்ஹாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என் மகள். சமையல்கட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுப்பாள்.

"அலோ, துபாயா? மெட்ராஸ் லைன்ல கீது, பேசுங்க."

"சாப்ட்டியா?" என்றேன்.

"ஆச்சு. நீங்க?" என்றாள் என் மனைவி சமையல்கட்டிலிருந்து.

"ஆச்சு. பாப்பா எப்படிக் கீது?"

"கீது."

"மூணு நிமிசம் ஆச்சு!" என்று எக்ஸ்சேஞ்ச் லைனைத் துண்டித்தது. அதற்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. 'சாப்ட்டியா' என்று கேட்டதற்கு நூற்று நாற்பது ரூபாய்.

கடிதம் எழுதலாம், ஆனால் தபாலில்தான் வர வேண்டும். ஆவடி ஸ்டேஷன் பக்கத்துத் தபால் பெட்டியில் நான் இன்லேண்ட் போட, அது இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்கே வரும். அவள் பதில் போட, அதுவும் எங்கள் வீட்டுக்கே வரும். அனுப்புநர், பெறுநர் இரண்டும் ஒரே விலாசம். மூன்றாவது கடிதத்தில் போஸ்ட்மேனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், புருசன் பொஞ்சாதி பேச்சு வார்த்த இல்லியா? பக்கத்து ரூமுக்கு லெட்டர் போட்டுகினு கீறீங்க!" என்றார். அன்று சாயங்காலமே வீட்டுக்காரம்மா எங்களைச் சேர்த்துவைக்கக் கிளம்பி வந்துவிட்டார். என் மனைவி எல்லாவற்றையும் விளக்கினாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, துபாய்ல ஊட்டு வாடகை அவ்ளோ ஜாஸ்தியா?" என்று முன்னறையை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த மாதம் எங்கள் வாடகை ஏறும் என்று அப்போதே தெரிந்தது.

கடிதத்தில் நான் எழுதியது "நலம், நலமறிய அவா" என்பதோடு நின்றுபோகும். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடிப்பேன். அவள் கடிதங்களில் வேறு விஷயம் வந்தது. தண்ணி லாரி வந்தது, நீங்கள் ஊரில் இல்லாததால் ஆள் வைத்துத் தூக்கினேன், இரண்டு ரூபாய். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட ரிக்‌ஷா பேசியாகிவிட்டது, மாதம் அறுபது. மண்ணெண்ணெய் க்யூவில் நிற்க முடியவில்லை, கூடுதல் விலைக்கு வாங்கினேன். எங்கள் ஷெட்டில் எந்த மேதாவியும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்ததில்லை. ஒருநாள் ஆள் வரவில்லை. அவளே குடம் தூக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து ஓடினேன். "துபாய்லருந்து எப்படி வருவீங்க?" என்று கையைத் தட்டிவிட்டாள். சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

இருபதாம் நாள் போல இருக்கும். மகள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் உள்ளே வர அனுமதி இல்லை, பாஸ்போர்ட் இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். நோட்டுப் புத்தக அட்டையைக் கத்தரித்து, தன் படத்தைத் தானே வரைந்து, ஒரு பாஸ்போர்ட் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"நைனா, பாஸ்போர்ட்டு கீது. உள்ள வரலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "விசா எங்க?" என்று பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. குழந்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. விசா என்றால் என்ன என்று தெரியவில்லை. உதடு பிதுங்கியது. அழுகையை அடக்கிக்கொண்டு, "நாளைக்குச் செஞ்சுகினு வரேன்" என்று திரும்பிப் போனது. சட்டம் பேசிய அம்மாவும் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அன்று மெஸ் எட்டரைக்குத்தான் திறந்தது. குழம்பில் உப்பே இல்லை. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதன் பிறகு நான் செலவுக் கணக்கில் பொய் எழுத ஆரம்பித்தேன். இரண்டு டீ குடித்தால் ஐந்து என்று எழுதினேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை முடிவெட்டிக்கொண்டேன், அதாவது நோட்டில். அறுந்துபோகாத செருப்பு இரண்டு தடவை அறுந்தது. கணக்கில் துபாய் தோற்றுவிட்டால் போதும். போகப் பயமாக இருக்கிறது என்று ஷெட்டில் சொன்னால் மானம் போகும். கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இருபத்தெட்டாம் நாள் ஞாயிறு. மதியம் சாப்பிட்டபின் அவள் சமையல்கட்டுப் பக்கம், நான் முன்னறைப் பக்கம், நடுவில் கணக்கு நோட்டு. கூட்டினோம். ஆயிரத்து நூறில் என் செலவு அறுநூறு திர்ஹாம். மிச்சம் ஐந்நூறு, ரூபாயில் மூவாயிரத்து ஐந்நூறு. வீட்டுச் செலவு ஆயிரத்து இருநூறு போக, ஏஜெண்ட் பணத்துக்கு வைக்கும் சங்கிலியை மீட்க மாதம் ஐந்நூறு போக, தண்ணிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நானூறு போக, கையில் நின்றது ஆயிரத்து நானூறு. ஆவடியில் நாங்கள் மிச்சம் பிடிப்பது இருநூற்றைம்பது.

மறுபடி கூட்டினேன். அதேதான் வந்தது. இவ்வளவு பொய் எழுதியும் துபாய் ஜெயித்துவிட்டது. ஏழாயிரம் இல்லை என்றாலும் மனைக்குப் போதும்.

அவள் நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். வாடகை வரியில் விரலை வைத்தாள்.

"கட்டில் வாடகை நூத்தி இருவதுதாங்க. நான் முப்பது ஏத்திட்டேன். மெஸ்ஸுலயும் ஏத்திட்டேன்" என்றாள்.

"நான் செருப்பே அறுக்கலமே" என்றேன். "முடியும் வெட்டல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் ஏமாத்தியும் கணக்கு 'போ'ன்னுதான் சொல்லுது. இன்னா பண்றது?" என்றாள்.

"போவ வேணான்னா மொதல்லியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு இவ்ளோ கூத்து?" என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம்.

"நீங்க கேட்டீங்களா? ஏஜெண்ட்டைக் கேட்டீங்க, பூந்தமல்லி வரைக்கும் போய் பாயைக் கேட்டீங்க, கூட வேல செய்றவனக் கேட்டீங்க. என்னாண்ட எவ்ளோ மிச்சமாவும்னுதான் பேசுனீங்க. போவட்டுமான்னு ஒரு வாட்டி கேட்டீங்களா?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அலோ, மெட்ராஸ் லைன்ல கீது, பேசுங்க."

"போவட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.