அவரவர் தட்டுக்கு அவரவர் பில்

நான்கு பேர் ஒரே மேசையில் சாப்பிட்டு முடித்த பிறகு, நடுவில் மீந்திருக்கும் ஆட்டுப் பெரட்டல் யாருக்குச் சேரும்? பில்லைச் சமமாகப் பிரித்திருந்தால் ஒரு பதில் வருகிறது. அவரவர் சாப்பிட்டதற்கு மட்டும் கட்டியிருந்தால் வேறொரு பதில் வருகிறது. எது நியாயம் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் நால்வரும் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவுக்கு வந்து சேர்ந்தன. இப்போது ஒருத்தி ஆசிரியை. ஒருத்தி இன்சூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர். இன்னொருத்தி ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. மகள் பிறந்த பிறகு பாதி நாள் மட்டும் போகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஜெலாப்பாங் தோழியிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன்; மற்ற இருவர் கண்ணிலும் இது படாது என்று அவளே சொன்னாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிலிபினில் ஒரு முஸ்லிம் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் கூடுவோம். கணவன்மார் வருவதில்லை. நான் மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு போவேன். கறிகளெல்லாம் நடுவில் வரும்: ஆட்டுப் பெரட்டல், கோழி, மீன் தலைக் கறி, முட்டைக்கோஸ், அப்பளம். வேண்டியவர் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். காப்புறுதித் தோழி கல்லாவில் மொத்தமாகக் கட்டிவிட்டு வருவாள். நாலில் ஒரு பங்கை நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் அவளுக்கு அனுப்பிவிடுவோம். பில்லை யாரும் விரித்துப் பார்த்ததில்லை.

எழுந்திருக்கும் நேரத்தில் கடைக்கார அண்ணன் பிளாஸ்டிக் பைகளோடு வந்து நிற்பார்.

“மீந்தத கட்டிரவா, தங்கச்சி?”

“கட்டுங்கண்ணே, வீணாப் போவக்கூடாது” என்று ஜெலாப்பாங் தோழி சொல்வாள். பொட்டலத்தை அவள் எடுத்துக்கொண்டு போவாள். ஒருத்தியாவது எடுத்துப் போகிறாளே என்பதற்குமேல் நாங்கள் எதுவும் யோசித்ததில்லை.

என் கவலை மகளிடமிருந்துதான் தொடங்கியது. அவள் கையால் எடுத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்த சமயம். ஒரு ரொட்டி சானாய் வாங்கினால் பாதி வாய்க்கு, பாதி தரைக்கு. குடிக்கிற மைலோவில் ஒரு பங்கு மேசைக்கு. இதெல்லாம் பொதுப் பில்லில் ஏறியது. தரையில் கிடக்கும் ரொட்டிக்கு மூன்று பேர் பணம் கட்டுகிறார்களே என்று எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை, மகளுக்கு வாங்கியதை நான் தனியாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒரு ரொட்டிக்குக் கணக்கா? உன் மவ தின்னதவிட கீழ போட்டதுதான் அதிகம். தரைக்குத் தனியா பில்லு போடச் சொல்லவா அண்ணன?” என்றாள் காப்புறுதித் தோழி. எல்லோரும் சிரித்தார்கள். கீழே குனிந்து ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் மற்றவர்கள் தட்டையும் பார்க்க ஆரம்பித்தேன். ஆசிரியை சைவம். இத்தனை நாளும் ரசமும் கீரையும் சாப்பிட்டுவிட்டு ஆட்டுக்கும் மீனுக்கும் பங்கு கட்டிக்கொண்டிருந்தாள். ஜெலாப்பாங் தோழி சைவமில்லை, ஆனால் அவள் தட்டிலும் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு துண்டு கோழி, நிறைய ரசம். அவள் கணவருக்கு லோரி ஓட்டும் வேலை முன்போல இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்காகக் கட்டுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. யாரும் கவனிக்காத ஒன்றை நான் கவனித்துவிட்டதாகவும் பட்டது.

கணவரிடம் சொன்னேன். “உனக்குச் சரின்னு பட்டா கேளு. ஆனா நீயா போயி எதையும் இழுத்து விட்டுக்காத” என்றார். இது போ என்பதா, போகாதே என்பதா என்று யோசித்து, வாட்ஸ்அப் குழுவில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். யார் மனமும் நோகக்கூடாது என்று காரணத்தை என் மகள் மேலேயே போட்டேன். குழந்தை சாப்பாட்டைப் பொதுவில் சேர்ப்பது கூச்சமாக இருக்கிறது, இனி அவரவர் வாங்கியதற்கு அவரவர் கட்டலாமா என்று கேட்டேன்.

ஆசிரியையின் குரல்பதிவு உடனே வந்தது. “நானே சொல்லலாம்னு இருந்தேன்லா! இத்தன வருஷமா மீன் தலைக்குப் பங்கு கட்டுறேன், அதோட கண்ண இன்னும் நேருக்கு நேரா பாத்ததில்ல.”

காப்புறுதித் தோழி, “ஓகே மேடம், உத்தரவு” என்றாள். ஜெலாப்பாங் தோழி கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினாள். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கார அண்ணனிடம் தனித்தனி பில் கேட்டோம்.

“நாலு பில்லா? என்ன தங்கச்சி, கூட்டுக் குடும்பம் ஒடஞ்சிருச்சா? இன்னிக்குத்தான் தனிக்குடித்தனமா?”

“ஆமாண்ணே, சொத்துத் தகராறு” என்றாள் காப்புறுதித் தோழி.

அவரவர் தட்டு அவரவர் முன்னால் வந்தது. காப்புறுதித் தோழிக்கு ஆட்டுப் பெரட்டல். எனக்குக் கோழி. ஆசிரியைக்குக் கீரையும் தௌஃபூ என்ற சோயாக் கட்டியும். ஜெலாப்பாங் தோழி சோறும் ரசமும் முட்டைக்கோஸும் ஓர் ஆம்லெட்டும் சொன்னாள். அவள் பில் முன்பு கட்டியதில் பாதிகூட வரவில்லை. அதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

எழுந்திருக்கும் நேரத்தில் அண்ணன் பையோடு வரவில்லை. ஜெலாப்பாங் தோழி பழக்கத்தில் அவரைக் கூப்பிட்டாள். “அண்ணே, மீந்தத கட்டிருங்க.” சொல்லிக்கொண்டே ஆட்டுப் பெரட்டல் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

காப்புறுதித் தோழி அவள் கையில் லேசாகத் தட்டினாள். “ஏய் கள்ளி, கைய எடு! அது என் பில்லுல வந்த ஆடு.”

அவள் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சொன்ன கையோடு தட்டைத் தள்ளியும் விட்டாள். “எடுத்துக்கடி, சும்மா சொன்னேன்.”

ஜெலாப்பாங் தோழியும் சிரித்தாள். “வேணாம்டி. உன் ஆடு உன்ன விட்டுட்டு எங்கூட வராது.”

அண்ணன் அதைக் கட்டி, காப்புறுதித் தோழியிடமே கொடுத்தார். என் தட்டிலும் கோழி மீந்திருந்தது. நான் அந்த நேரத்தில் மகளுக்குக் கைகழுவக் குழாயடிக்குப் போயிருந்தேன். அங்கே நின்றபடிதான் இதையெல்லாம் பார்த்தேன், கேட்டேன். திரும்பி வருவதற்குள் மேசையைத் துடைத்துவிட்டார்கள். நான் அங்கே இருந்திருந்தால் என் கோழியை அவளிடம் நீட்டியிருப்பேனா, அல்லது கணவருக்கு ஆகும் என்று கட்டச் சொல்லியிருப்பேனா? நீட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள விருப்பமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஜெலாப்பாங் தோழி வரவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது என்று எழுதியிருந்தாள். அதற்கடுத்த மாதம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. “ஓவர்டைம் காசு இனிக்குதுலா அவளுக்கு, நம்மள மறந்துட்டா” என்றாள் காப்புறுதித் தோழி. நாங்கள் மூன்று பேரும் மூன்று பில் கட்டினோம். சீக்கிரமே எழுந்துவிட்டோம். நால்வரையும் பள்ளி நாள்களிலிருந்து ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததே ஜெலாப்பாங் தோழியின் பேச்சுதான் என்பது அன்று தெரிந்தது. அவள் இல்லாமல் ஆசிரியை தன் சம்பளத்தைப் பற்றியும் நான் மகளின் சளியைப் பற்றியும் பேசினோம்.

பிறகு ஒரு நாள் காலையில் சிலிபின் சந்தையில் அவளைப் பார்த்தேன். மாமனாரைப் பற்றி விசாரித்தேன்.

“அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு” என்றவள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்புறம் ஏன்டி வர மாட்டேங்கிற?”

“வாரேன் வாரேன்.”

“நான் ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா?”

கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “சொன்னா நீ வீட்டுக்குப் போயி அழுவக்கூடாது. நீ அழுவுற ஆளு.”

“அழ மாட்டேன்.”

“அந்த மதியானச் சாப்பாட்டுக்கு நான் கட்டுன காசு இருக்குல்ல, அதுல மீந்து வர்ற பொட்டலத்த வச்சுதான் எங்க வீட்டுல ராத்திரிக்கு எல்லாரும் சாப்புடுவோம். ஆடு, மீன் தலைக் கொழம்பு, எல்லாம். புள்ளைங்க அன்னிக்குக் காலையிலேயே கேக்க ஆரம்பிச்சிரும், அம்மா இன்னிக்குக் கடைக்குப் போறீங்கதானேன்னு. நான் வேணும்னேதான் அங்க கொறைச்சுச் சாப்புடுவேன்.”

“எனக்குத் தெரியாதுடி.”

“ஒங்களுக்குத் தெரியாம இருந்ததுதான்லா நல்லா இருந்துச்சு. காசு கட்டுனேன், எடுத்துட்டுப் போனேன். இப்ப ஒருத்தி மூஞ்சியப் பாத்து, இத எனக்குக் குடுன்னு கேக்கணும்.”

“உனக்குக் கொறைவா வரட்டுமேன்னுதான் நான்...”

“கொறைவாத்தான் வந்துச்சு. இல்லேன்னு சொன்னேனா?”

பழையபடி சமமாகப் பிரிக்கலாம், மற்ற இருவரிடமும் நானே பேசுகிறேன் என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“ஐயோ தாயே, நீ பேசாத. நீ பேசுனதே போதும். எனக்காக மாத்துனீங்கன்னு வையி, அப்புறம் அந்தப் பொட்டலத்துல நான் எப்படிக் கைய வைப்பேன்? எல்லாக் கண்ணும் என் பையிலதான் இருக்கும்.”

இடுப்பில் இருந்த என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போனாள். அவள் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து அழவுமில்லை. ஆனால் அன்று முழுவதும் வேறு எந்த வேலையும் சரியாக ஓடவில்லை.

அவள் பெயரை இழுக்காமல் ஒரு வழி தேடினேன். ஆசிரியையிடம், மகளை வைத்துக்கொண்டு தனித்தனி பில் பார்ப்பது சிரமமாக இருக்கிறது, பழையபடி நாலாகப் பிரிக்கலாமா என்றேன்.

“பில்ல நான் பாத்துக்கிறேன், நீ புள்ளையப் பாரு” என்றாள். “வீட்டுக் கடன் கட்டுறேன்டி. நான் தொடாத மீனுக்கு இனிமே என்னால பங்கு கட்ட முடியாது.”

அவள் சொல்வதிலும் தவறில்லை. சமமாகப் பிரித்தால் ஜெலாப்பாங் வீட்டின் இரவுச் சாப்பாட்டில் ஒரு பகுதிக்கு ஆசிரியை தனக்கே தெரியாமல் பணம் கட்டுகிறாள். தெரிந்தால் சந்தோஷமாகக் கட்டுவாள் என்றே நினைக்கிறேன். ஆனால் தெரியக்கூடாது என்பதுதானே நிபந்தனை.

மாதம் ஒருத்தி எல்லோருக்கும் பெலாஞ்சா செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. இந்த ஊரில் இப்படி ஒருவரே மற்றவர்களுக்கும் வாங்கிக்கொடுப்பது சாதாரணம். ஆனால் முறை சுற்றிவரும்போது ஜெலாப்பாங் தோழி நாலு பேருக்கும் கட்ட வேண்டியிருக்கும். அந்த மாதம் அவள் வரமாட்டாள், அல்லது கடன் வாங்கிக்கொண்டு வருவாள். கணவரைக் கேட்டேன். “நீயே ஆட்டுக்கறியக் கூட வாங்கி, மீத்து, அவகிட்ட குடுத்துரு” என்றார். எளிதான வழிதான். ஆனால் அதுவும் குடுக்கிறவள் நான், வாங்கிக்கொள்கிறவள் அவள் என்று ஆகிவிடுகிறது. அதைத்தான் அவள் வேண்டாம் என்கிறாள்.

ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிகிறது. அவள் குழுவில் இருப்பாள், தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பூப்படம் போடுவாள். மேசைக்கு மட்டும் வரமாட்டாள். கொஞ்ச காலத்தில் மற்ற இருவரும் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிடுவார்கள்.

அடுத்த சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது என் முறை. எந்த ஞாயிறு, பில்லை எப்படிப் பிரிப்பது என்று நான்தான் குழுவில் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் பழைய நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போகிறவர்களாக இருப்பீர்கள். கையில் இருப்பதும் வயிற்றுக்கு வேண்டியதும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்போது நீங்கள் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? சைவக்காரிக்கு அநியாயம் ஆகாமல், காரணம் என்னவென்று யாரும் கேட்காமல், ஜெலாப்பாங்கிலிருந்து ஒருத்தி மறுபடி வந்து எங்களோடு உட்காரும்படியாக அந்தக் குழுவில் நான் என்ன எழுதலாம்? உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.