டீமேக்கருக்கு நான் எழுதிய வாயுக்கோளாறு

“சாமுவேல், டீமேக்கர், வயது 52. வாயுக்கோளாறு. மாத்திரை 6.”

எங்கள் எஸ்டேட் மருந்தகப் பதிவேட்டில் இந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை. தேதியும் உண்டு, அவர் இன்றும் குன்னூர்க் கடைவீதியில் நடமாடுவதால் இங்கே தரவில்லை. கம்பவுண்டராக இருந்த காலத்தில் தெரிந்தே நான் எழுதிய ஒரே பொய் இது. டீமேக்கர் என்றால் தேநீர் போடுபவர் அல்ல. இலை வாடுவது முதல் தூள் மூட்டையில் ஏறுவது வரை ஃபேக்டரிக்குப் பொறுப்பானவர்.

1. முகாம்

அன்று எஸ்டேட்டில் ஸ்கேன் முகாம் நடந்தது. சாமுவேலின் ரிப்போர்ட்டில், ‘கொழுப்புக் கல்லீரல், இரண்டாம் நிலை. சர்க்கரை, கொலஸ்ட்ரால், இசிஜி பார்க்கவும்’ என்று இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காக, மறுநாள் காலை மஸ்டரில், அதாவது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் ஆள்கணக்கில், பெயர் கூப்பிட்டு ரிப்போர்ட்டை உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். படிப்பவன் நான்.

சாமுவேல் மருந்தகக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் சர்ச்சின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர்.

“ஏனுங்க கம்பவுண்டர், நாளைக்கு மஸ்டர்ல ஈரல்னு படிச்சீங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு சர்ச்சுக்குப் போறதுங்க?”

“நீங்கதான் தொடறதே இல்லீங்களே?”

“அது எனக்கும் கர்த்தருக்கும் தெரியுமுங்க. ஃபிட்டர் மாரிமுத்துக்குத் தெரியுமா?”

மாரிமுத்து சனிக்கிழமை மதியம் குடிக்கத் தொடங்கினால் ஞாயிறு மாலைதான் எழுவார். அவருடைய ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. தாள்கள் மாறிவிட்டனவோ என்று சாமுவேல் சந்தேகப்பட்டார். இரண்டு முறை சரிபார்த்தேன். மாறவில்லை.

ரிப்போர்ட்டை அவர் பையில் வைத்தேன். பதிவேட்டில் வாயுவை எழுதினேன். மஸ்டரிலும் அதையே படித்தேன். வாயுவைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் அவர் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்துச் சாப்பிட்டார். அந்தக் கசப்பு போக மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நான்கு வர்க்கி பிஸ்கட்டும். ஃபேக்டரியில் ருசி பார்க்கும் டீயை மட்டும் ஒழுங்காகத் துப்பினார். இசிஜி எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. வாயுவுக்கு எதற்கு இசிஜி என்று யாராவது கேட்பார்களே.

2. மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கள்

காலை 10.40. வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மா இருந்தார். சாமுவேல் ஸ்வெட்டரோடு வந்து, மேல்வயிற்றில் கை வைத்து, “எரிச்சலுங்க, வேற ஒண்ணுமில்ல” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தார். டாக்டரம்மா பதிவேட்டைத் திருப்பினார்.

“போன தடவையும் வாயுதானா? அதே மாத்திரையக் குடுத்துரலாம்.”

சாமுவேல் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம்.

“வாயு இல்லீங்க மேடம். ஈரல்ல கொழுப்பு, ரெண்டாம் நிலை. வாயுன்னு மாத்தி எழுதினது நான்தான்.”

“கம்பவுண்டரே!” என்றார் சாமுவேல். அந்தக் குரலில் வலியைவிடக் கோபம் அதிகம்.

டாக்டரம்மா ஏற்கெனவே இசிஜி ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். “குடிக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதில்லைங்க இது. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் கூட்டாளிங்க. இது இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு ஈரலுக்கு முந்தி இதயம்தான் மாட்டும். இதை மறைச்சா நான் எதைத் தேடுவேன்?”

இசிஜி தாளில் கோடு சரியில்லை. எஸ்டேட் ஜீப்பில் கோயம்புத்தூர் போனார். இதய ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஊர் திரும்பியதும் மாரிமுத்து ஆப்பிளோடு பார்க்கப் போனார். “டீமேக்கரய்யா, குடிச்சது நானு, ஏறினது உங்களுக்குங்களா?” சாமுவேல் சிரித்துவிட்டார். அவர் மூன்று மாதம் பயந்த அவமானம் அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இல்லை.

ரிப்போர்ட்டை உரக்கப் படிக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். இப்போது உறையில் போட்டு அவரவர் கையில் கொடுத்து, தனியாக விளக்குகிறார்கள். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரகசியம் காக்க வழி உண்டு, பதிவேட்டில் நோயை மாற்றி எழுதுவது அந்த வழி அல்ல.

ஒன்று பாக்கி. சாமுவேலின் மனைவி எஸ்தர் சொல்கிறார்: “சனிக்கிழமையே நெஞ்சு அடைக்குதுன்னாருங்க. உங்ககிட்டத்தான் வந்து மாத்திரை வாங்கிட்டு வந்தாரு.” சாமுவேல் மறுக்கிறார்; திங்கள்கிழமைதான் தொடங்கியது என்கிறார். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் அன்று சம்பள நாள்; அந்தக் கூட்டத்தில் மாத்திரையை முதலில் கொடுத்து, பெயரைப் பிறகு எழுதுவேன். சில பெயர்கள் விட்டும் போகும். அன்று அவர் வந்தாரா, நான் வாயு மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பினேனா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.