வே பிரிட்ஜ் அறையில் ஒன்றரை மணி நேரம்

லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜ் அறையில் ஒரு தகர மேசையும் ஒரு நாற்காலியும்தான் இருக்கும். காலை ஏழரை மணிக்கு அந்தக் கதவைத் திறந்துவிடுவதுதான், அந்தக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த பத்து மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. முதல் லாரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். அதுவரை அக்கவுண்ட்ஸ் மேடம் உள்ளே உட்கார்ந்து படிப்பார்.

மேடத்துக்கு ஜவளகிரிப் பக்கம் ஊர். முதல் பஸ்ஸை விட்டால், அடுத்ததைப் பிடித்து மூக்கண்டப்பள்ளி வந்து சேர்வதற்குள் ஆபீஸ் தொடங்கிவிடும். அதனால் சீக்கிரமே வந்து கேட்டில் நிற்பார். காஸ்ட் அக்கவுண்டண்ட் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று தெரிந்ததும் நானாகத்தான் அறையைத் திறந்துகொடுத்தேன். சாவியை யாரிடமும் தரக்கூடாது என்பது விதி. திறந்துவிடுவதைப் பற்றி விதி எதுவும் இல்லை. மேடம் வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், நான்கு கறவை மாடுகள். புத்தகத்தை விரிக்க அவருக்கு நாள் முழுவதிலும் கிடைத்தது இந்த ஒன்றரை மணி நேரம்தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தத் தடிப் புத்தகங்களைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

“இதுல தேறுறவங்களே கொஞ்சம் பேராமே மேடம். மத்தவங்கெல்லாம் படிக்காமயா போனாங்க?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“அவங்க வீட்லயும் மாடு இருந்திருக்கும்ணா,” என்றார், தலை நிமிராமல்.

சிரித்துவிட்டேன். “டிசம்பர்ல நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவு என் பொறுப்பு” என்றேன். யாரும் கேட்காமல் நானே கொடுத்த வாக்கு அது.

பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது, ஹூப்ளி போகும் லாரிக்குக் கிளீனர் இல்லை என்று ஒரு டிரைவர் சொன்னார். ஏறிவிட்டேன். சம்பளக் குறையோ சண்டையோ இல்லை. ஓர் இடத்தில் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். மேடத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை. அத்திப்பள்ளி தாண்டும்போது நினைப்பு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. புது வாட்ச்மேன் அறையைத் திறக்க மறுத்துவிட்டாராம். அதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கேட்டுக்கு வெளியே, கம்பெனி பஸ்கள் ஹாரன் அடிக்கிற இடத்தில், நின்றபடியே படித்திருக்கிறார்.

“ரிசல்ட்டு?”

“நாலு பேப்பரும் பாஸு. மொத்தமா ஃபெயிலு.”

எனக்குப் புரியவில்லை. பேப்பருக்கு நாற்பது எடுத்தால் மட்டும் போதாது, நான்கையும் கூட்டினால் இருநூறு வர வேண்டும் என்று விளக்கினார். அவருக்கு வந்தது நூற்றுத் தொண்ணூற்று நான்கு. நான்கையும் மறுபடி எழுத வேண்டும். அந்த ஆறு மார்க் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவரோ, நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தார்.

இப்போது ஜூஜுவாடியில் வேறொரு கம்பெனி கேட்டில் இருக்கிறேன். அங்கேயும் ஓர் அறை காலையில் காலியாகத்தான் கிடக்கிறது. “மேடம், இந்தத் தடவை...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்ணா, சொல்லாதீங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “பஸ்லயே படிச்சிக்கறேன். நின்னுக்கிட்டுன்னாலும் பரவால்ல. அது தெனமும் வருது.”