மத்தியானக் காற்றை அளந்து கொட்டாஞ்சேனைக்குக் கணக்குச் சொன்னார்கள்

போன பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, கோபத்தில். அங்கே அக்கா மேரியின் மகள் ஸ்டெல்லாவுக்கு மூச்சிழுப்பு. வீட்டுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் பட்டறை. விடியுமுன்னே அடுப்பு மூட்டுவார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி அயலவர்கள் கேட்டதற்கு, தேவையில்லை, புகை மேலே எழுந்து காற்றில் நன்றாகக் கலந்துவிடுகிறது என்று சுற்றாடல் அதிகாரி ஒருவர் கூட்டத்துக்குக் கணக்கோடு வருகிறாராம். கொழும்பின் மறுகோடியில், வெள்ளவத்தையில் பௌதிகம் படிப்பிக்கிறவன் நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா?

விடியற்காலை ஐந்து மணிக்குக் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, த்ரீவீல் பிடித்தேன். மொத்தம் பத்துக் கிலோமீற்றர், நாற்பது நிமிடம். பட்டறை ஒழுங்கை வந்ததும் சாரதி நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல ஏலாது தம்பி, கண் எரியும்." முந்நூறு ரூபாயை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

அக்காவின் மூன்றாம் மாடி யன்னலுக்கு நேரே புகை பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ஸ்டெல்லா மூச்சு மருந்துப் பம்பைக் கையில் பிடித்தபடி கட்டிலில் குந்தியிருந்தாள். இரவில் நிலம் ஆறினால் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அசையாமல் படுத்துவிடும். வெயிலில் நிலம் சுட்ட பிறகுதான் காற்று பொங்கிப் புரண்டு புகையை மேலே தூக்கும். என் மாணவர்களுக்கே இது தெரியும்.

பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பதினொன்றரைக்காம். எங்கே? வெள்ளவத்தைக் கடற்கரையில், என் வீட்டுக்குப் பக்கத்தில்! அங்கேதான் வாகனம் நிறுத்த இடமிருந்ததாம். எல்லாம் கொழும்புதானே என்றார். அடப்பாவிகளா!

அக்கா எழுந்தாள். "என்ட பிள்ளை மத்தியானம் மட்டுமா சேர் மூச்சு விடுறது?"

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப அளப்போம், இங்கேயே அளப்போம் என்றார். வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

இதைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் பஸ்ஸிலேயே போங்கள், முகக்கவசம் கொண்டு போங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு போனால் நீல வானத்தைப் பார்த்து அதிகாரி சொன்னதை நம்பிவிட்டு வருவீர்கள்.

மறு அளவீட்டு அறிவித்தல் நேற்று வந்தது. இடம் கொட்டாஞ்சேனை, நேரம் மத்தியானம் பன்னிரண்டு. அக்கா அதை மடித்து, புகை வராமலிருக்க யன்னல் வெடிப்பில் செருகியிருக்கிறாள்.