தக்காளிக்குக் காவல் வைத்த செண்டுமல்லி

எனக்கு வாய் நிற்காது. யாராவது கேள்வியைப் பாதி கேட்கும்போதே பதிலைச் சொல்லி முடித்திருப்பேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் செய்கிற வேலையோ, பதில் சொல்லக் கூடாத வேலை. புனேக்கு வடக்கே, சாக்கனைத் தாண்டி இருக்கிற ஊர்களில் விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளி நடத்துகிறேன். மருந்தை மட்டுமே நம்பாமல் பூச்சியைச் சமாளிப்பது எப்படி என்று வயலிலேயே நின்று பழகுகிற பள்ளி. ஒருவர் பூச்சியைப் பிடித்துவந்து "மேடம், இது என்ன?" என்று கேட்டால் பெயரைச் சொல்லக் கூடாது. எங்கே பார்த்தீர்கள், அங்கே அது என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அவர்களே பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் நான் இல்லாத நாளிலும் அது கைகொடுக்கும். முதல் வருஷம் முழுக்க நாக்கைக் கடித்துக் கடித்தே ஓட்டினேன்.

அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேயில்தான். அதனால் வயலில் பேச்சு முழுக்க மராத்தி. இங்கே அதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். புதன்கிழமை காலையில் சிஞ்ச்வட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால், லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் வயலில் இருப்பேன். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து செடிகளைப் பார்ப்பார்கள். பார்த்ததை ஒரு பெரிய சார்ட்டில் வரைவார்கள்: நடுவில் செடி, ஒரு பக்கம் கெடுக்கிற பூச்சி, மறுபக்கம் அதைத் தின்கிற பூச்சி. வரைந்து முடித்த பிறகு இந்த வாரம் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். எருமையைத் தவிர எதையும் வரையத் தெரியாத ஒரு மனிதர் இருந்தார். அவருடைய வண்டுகளுக்கெல்லாம் கொம்பு இருக்கும்.

ஒரு வருஷம் பள்ளிக்கு அரை ஏக்கர் தக்காளி வயலைக் கொடுத்தது ஒரு பெண். கணவர் சிஞ்ச்வட்டில் ஷிஃப்ட் வேலை, வார விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருவார். நிலத்தில் பாடுபடுவது இவள். எதை நடுவது, எப்போது மருந்து அடிப்பது என்று சொல்வது கணவரின் அண்ணன். இந்த ஒரு போகம் மட்டும் அரை ஏக்கரைத் தன் இஷ்டத்துக்கு விடச் சொல்லி அவள் வீட்டில் அடம்பிடித்து வாங்கியிருந்தாள். அண்ணனும் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார். பயிர் கெட்டால் அதற்குப் பிறகு வயல் விஷயத்தில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தக்காளிக்குக் காய்ப்புழுதான் பெரிய தலைவலி. அதற்கு ஒரு வழி உண்டு. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவது. அந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லி மேல் ஆசை அதிகம். முட்டையை அங்கே போய் வைத்துவிடும், தக்காளி தப்பிக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி நாற்றின் வயதைக் கணக்குப் பார்த்து நட்டோம். அதோடு, முட்டையிலேயே புழுவைத் தின்றுவிடுகிற குளவிகள் பொரிந்து வருகிற அட்டைகளை வாங்கிச் செடிகளில் கட்டினோம். கசகசாவைவிடச் சின்னக் குளவி. செண்டுமல்லி மொட்டில் இருந்த முட்டைகளை அவள் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, சமையலறையில் வைத்துத் தினமும் பார்த்தாள். சில முட்டைகள் கறுத்துப்போயின. ஒரு வாரம் கழித்து அவற்றிலிருந்து புழு வரவில்லை, குளவி வந்தது. அந்தப் புதன்கிழமை அவள் பாட்டிலைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள்.

எல்லாம் சரியாகக் கணக்குப் போட்ட எனக்கு ஒன்று மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. நாங்கள் நட்ட செண்டுமல்லி தசராவுக்குச் சரியாகப் பூத்தது. தசராவுக்கு மகாராஷ்டிராவில் செண்டுமல்லி இல்லாத வாசல் கிடையாது. வாசல், டிராக்டர், மோட்டார், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் மாலை.

மறைப்பானேன், முதல் பூவைப் பறித்தது நான்தான். பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை, ஆயுத பூஜைக்கு ஆகுமே என்று ஒரு பை நிறையப் பறித்து ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த புதன்கிழமை போய்ப் பார்த்தால், செண்டுமல்லி வரிசைகள் மொட்டையடித்ததுபோல நின்றன. ஒரு பூ இல்லை. யார் பறித்தது என்று சத்தம் போட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எருமை வரைகிற மனிதர் சங்கோசமே இல்லாமல், தான் டிராக்டருக்குப் பறித்ததாகச் சொன்னார். இன்னொருவர் வாசலுக்கு. பள்ளியில் பறிக்காத ஆளே இல்லை. கணவரின் அண்ணன் வரப்பில் நின்றபடி, மேடமே பறிக்கும்போது நாங்கள் பறித்தால் என்ன என்று நினைத்தோம் என்றார். இதில் எனக்கென்று ஒரு மாலையை வேறு எடுத்து வைத்திருந்தார்கள். வாடிப்போன அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அன்றைக்குத் தக்காளிச் செடிகளில் எண்ணியபோது இலைக்கு இலை முட்டை. வைக்க வேறு இடமில்லாத அந்துப்பூச்சி இங்கே வந்துவிட்டது. சார்ட்டில் கெடுக்கிற பக்கம் நிரம்பி வழிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் புத்தி கெட்டதால் அவள் பேச்சு வீட்டில் எடுபடாமல் போகப்போகிறதே. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை மருந்து அடித்துவிடு, பாவம் என்மேல் இருக்கட்டும் என்றேன். இத்தனை வருஷம் யாருக்கும் முடிவைச் சொல்லாதவள், அன்றைக்குச் சொன்னேன்.  அவள் ஒவ்வொரு முட்டை இருந்த பத்து இலைத் துண்டுகளைக் கிள்ளி அதே பாட்டிலில் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை வரை பொறுங்கள் என்று மட்டும் கணவரின் அண்ணனிடம் சொன்னாள். சனிக்கிழமை காலை மருந்துப் பம்போடு வருவேன் என்றார் அவர்.

சனிக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி நாள் இல்லாவிட்டாலும் போய்விட்டேன். அவர் சொன்னபடியே முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். அவள் பாட்டிலோடு வந்து துணியை அவிழ்த்தாள். மூன்று முட்டைகள் பொரிந்து நூல் மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. மற்ற ஏழும் கறுகறுவென்று இருந்தன. அவர் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, இது என்ன என்று கேட்டார். எனக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. புதன்கிழமை திறந்த வாயே போதும் என்று மூடிக்கொண்டேன். அவர் வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

கணவரின் அண்ணனை அங்கே பாவுஜி என்பார்கள். அவரிடம் அவள் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"பாவுஜி, பத்துல ஏழுக்குள்ள குளவி இருக்கு. இப்ப மருந்து அடிச்சா மொதல்ல சாகறது அதுதான். மிச்சம் மூணுக்கு என் கை போதும். பம்பைக் கழட்டுங்க."

அவர் பாட்டிலை வாங்கி ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். கெட்டால் சொன்ன பேச்சு சொன்னதுதான் என்றார். சரி என்றாள். பம்பைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

அடுத்த இரண்டு வாரம் அவள் விடியும்போதே வயலில் இருந்தாள். ஒவ்வொரு செடியாகப் புழுவைப் பொறுக்கி, வாளியில் சோப்புத் தண்ணீரில் போட்டாள். பறித்த பூவுக்குப் பரிகாரமாகப் பள்ளி ஆட்களும் முறை வைத்து வந்தார்கள், நானும் போனேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. அந்த இரண்டு வாரத்தைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. செண்டுமல்லி மறுபடி மொட்டு விட்டது. யாரும் கிட்டே போகவில்லை. தக்காளி வந்தபோது அவள் பக்கத்து மகசூல், மீதி நிலத்தில் அவர் போட்டிருந்த தக்காளியைவிட அதிகம் என்று சொன்னால் பொய். கிட்டத்தட்டச் சமம்தான், ஓட்டை விழுந்த காய்கள் நாலு கூடுதலாகவே இருந்தன. ஆனால் வாராவாரம் மருந்து அடித்த வயலும் அடிக்காத வயலும் சமமாக வந்ததை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறு வருஷம் மழை பிடித்த பிறகு, புதுப் போகத்துக்குப் பள்ளியை எங்கே வைக்கலாம் என்று பேசப் போனேன். வீட்டு வாசலில் அவர்தான் இருந்தார். மரியாதைக்கு முதலில் அவரிடமே கேட்டேன்: இந்தத் தடவையும் அரை ஏக்கர் கிடைக்குமா, நாற்று எப்போது விடப்போகிறீர்கள் என்று. அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அரை ஏக்கர் இல்ல மேடம், இந்த வருஷம் முழுசும் அவதான் பாக்கறா. எனக்கே இன்னும் நாள் சொல்லல. வயல்லதான் இருக்கா, போய்க் கேளுங்க. கேட்டுட்டு எனக்கும் சொல்லிட்டுப் போங்க."