ஆயிரம் மீட்டருக்குக் கீழே

என் நாத்தனார் அஃப்ராவுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். விடுதி நடத்துகிறவளுக்கு அது வேண்டியதுதான். ஆனால் பூனையைக்கூட "வாங்க" என்று கூப்பிடுகிறவளோடு ஒரே சமையலறையில் குப்பை கொட்டுவது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்திரியாவில், டிரோல் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கோடையில் வருகிறவர்கள் எங்களிடம் அறை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் ஒரு மலைக்குக் கிளம்புவார்கள். சாயங்காலம் சேற்று பூட்ஸோடு வந்து நின்று சூப் கேட்பார்கள். மேலே போகும் பாதையில், ஊற்றுக்குப் பக்கத்தில், 'ஆயிரம் மீட்டர்' என்று ஒரு பலகை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் நீங்க, வாங்க எல்லாம் கிடையாது. மந்திரியும் மாட்டுக்காரனும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேச வேண்டும். இறங்கி வந்தால் பழையபடி மரியாதை. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

வியன்னாவிலிருந்து ஹார்ட்விக் வாத்தியார் பல வருடமாக வந்துகொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். அஃப்ராவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையானபோது விடுதியைத் தலையில் தூக்கிக்கொண்டவள், அப்புறம் இறக்கி வைக்கவே இல்லை. திங்கட்கிழமை மட்டும் சமையலை என்னிடம் விட்டுவிட்டு, அவரோடு மேய்ச்சல்வெளிக் குடிசைவரை ஏறி மோர் குடித்துவிட்டு வருவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். பலகையைத் தாண்டியதும் ஆளே மாறிவிட்டாள்.

"ஏய் ஹார்ட்விக், என்ன ஆமை மாதிரி வர்றே?"

"நீ ஆட்டுக்குட்டி, நான் மனுஷன். கொஞ்சம் பொறு!"

அம்மாடி, அவள் சிரித்த சிரிப்பு! வீட்டில் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருப்பாளா? திரும்பும்போது பலகைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள். இறக்கத்தில் யாருக்காவது மூச்சு வாங்குமா? பலகையைத் தாண்டினார்கள். "பார்த்து வாங்க ஐயா, கல்லு வழுக்கும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

போன கோடையில் வாத்தியார் கைத்தடியோடு வந்தார். இதயம் சரியில்லை, இனி மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பூட்ஸ் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அஃப்ரா திங்கட்கிழமைகூட அடுப்படியை விட்டு நகரவில்லை. "இன்னொரு கரண்டி போடட்டுங்களா ஐயா?" "போதுங்க அம்மா." இவ்வளவுதான் பேச்சு. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இங்கேயே அவரை நீன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"கீழே எப்படிடி? அவர் என்ன நினைப்பாரு?"

"மேலே என்ன நினைச்சாரோ அதைத்தான் நினைப்பாரு!"

அவள் முகம் சிவந்துவிட்டது. வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்க ஆரம்பித்தாள்.

கடைசி நாள் காலை. வாத்தியார் காபியை முடித்துவிட்டு எழுந்தார். "அடுத்த வருஷம் என் ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க அம்மா. ஏற முடியாதவனுக்கு இங்க என்ன வேலை?"

"சரிங்க ஐயா" என்றாள் அஃப்ரா.

சரிங்களாம்! பாவி, பாவி! அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். எதிரே பஸ் வந்து நின்றுவிட்டது. இவள் காபி கெண்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவர் ரோட்டைப் பாதி கடந்துவிட்டார்.

"ஹார்ட்விக்!"

பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். எதிர்க்கடைக்காரன்கூட வெளியே எட்டிப் பார்த்தான்.

"உனக்கு மலைதான் வேணும்னா போ" என்றாள். "இல்லேன்னா பெட்டியைக் கீழே வை. எனக்கு நீ வேணும்."

வாத்தியார் நடுரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். கண் இரண்டும் நிறைந்திருந்தன. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏய் அஃப்ரா" என்றார், "காபி கொட்டுது பாரு."