கல்தின்னிகளின் தம்ளர்

அந்த அம்மா பல்செட்டைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டார் என்றால், அடுத்துக் கல்தின்னிகள் பேசப்போகிறார்கள் என்று அர்த்தம். குகைக்குள் பாறையைக் கடித்து வாழும் அந்தக் குள்ள இனத்துக்குப் பொக்கைவாய்தான் பொருத்தம் என்பது அவரே எடுத்த முடிவு. "கல்லைத் தின்னா பல்லு எப்படி மிஞ்சும்?"

மாயக்கதைத் தொடர் ஒன்றை எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒலிப்புத்தகத்துக்காக வாசித்துவந்தார். அதில் வரும் அத்தனை இனங்களும் அவர் ஒருவரே. வேர்மாந்தர் பேசும்போது முதுகைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் மென்று விழுங்குவார். சிறகருக்குக் குதிகாலைத் தூக்கி நிற்பார். சத்தம் வருமென்று வளையல்களைக் கதவுக்கு வெளியே கழற்றி வைப்பார். மின்விசிறியும் ஓடாது. பழைய மெத்தைகள் ஒட்டிய அந்த அறையில் வேர்த்துக்கொண்டே, டீயில் நனைத்த பிஸ்கட்டை விழுங்குவார். "வயிறு கத்திச்சுன்னா அதுக்கும் ஒரு இனம் கண்டுபிடிக்கணுமே."

முதலாளி அவரைக் 'கூட்டம்' என்றுதான் கூப்பிடுவார்.

"கூட்டம் வந்தாச்சா?"

"பாதிதான் வந்திருக்கு. சிறகருக்குச் சளி."

சளி இல்லை. குரல்வளையில் கட்டி. உடனே வந்தால் குரலில் கொஞ்சமாவது மிஞ்சும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசிப் பாகம் பாக்கி இருந்தது; அதில் வெள்ளம் புகுந்து கல்தின்னிகள் பூண்டோடு அழிகிறார்கள். "இதுங்களை இன்னொருத்தி வாயில சாக விட முடியாது" என்று தள்ளிப்போட்டார். வாசித்து முடித்தார். அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டது. இந்த வாரம் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடப் போகிறார்கள்.

நேற்று மகளும் கூட வந்தாள். "கதையில வர்ற பொம்மைங்களுக்கெல்லாம் குடுத்தாச்சுல்ல. எனக்கு உன் குரல்ல ரெண்டு வார்த்தை பேசி வெச்சிட்டுப் போம்மா."

அவர் உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மகள், அருகில் பதிவுக் கருவியோடு நான்.

"கண்ணு, உடம்பைப் பாத்துக்க."

மகள் உள்ளே கேட்கப் பேசும் பொத்தானை அழுத்தினாள். "அது வேர்மாந்தர்மா."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேரத்துக்குச் சாப்பிடுடி."

"சிறகரோட ராணி."

"சரி, இது? வீட்டுச் சாவியை எதிர்வீட்டுல குடுத்திருக்கேன்."

"பெரியம்மா மாதிரி இருக்கு."

"ஆமா. கதையில வர்ற மனுசங்களுக்கு எங்கக்கா குரலைத்தான் போட்டேன்."

"அப்போ உன்னோடது எதும்மா?"

"எங்க வெச்சேன்னு தெரியலடி" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டவர் தேடுவதுபோல, கண்கள் மேசைமேல் அலைந்தன.

கடைசியில் கை தம்ளரிடம் போனது.

"அது வேணாம்மா" என்றாள் மகள்.

அவர் பல்செட்டைக் கழற்றவில்லை. தம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார். ஒவ்வொரு மிடறும் வலியோடு இறங்குவது கழுத்தில் தெரிந்தது, கருவியிலும் கேட்டது. பதிவை நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன். மகள் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

முழுவதையும் குடித்துவிட்டு, தம்ளருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்து, சத்தம் வராமல் அதைக் கவிழ்த்து வைத்தார்.